இருபது பைகளும் ஒரு படிவமும்

1

போன செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஹாட்வெயார் கடை அனுப்பியிருந்தது. தர்ஷினிக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது, வாழ்த்துகள். பிள்ளைகளுக்கான இலவசக் கைவேலை வகுப்பு பன்னிரண்டு வயது வரைக்கும்தான் என்பதால் அவளுடைய பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கீழே ஒரு பலூன் படம்.

மகளிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அங்க போறத நிறுத்தியே எவ்வளவோ காலமாச்சும்மா, அது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். எனக்கு மட்டும் அந்தப் பலூனைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு கால் சப்பாத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது என்னவென்று சொல்லவேண்டும். இங்கே வின்னிபெக்கில், மரம், பெயின்ட், ஆணி, குழாய் விற்கும் பெரிய கடைகள் இருக்கின்றன. மாத்தளை பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் சேர்த்து ஒரே கூரைக்குள் வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிய கடைகள். அப்படி ஒரு கடையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில், பிள்ளைகளை வரிசையாக மேசையில் உட்காரவைத்து ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். பைக்குள் வெட்டி வைத்த மரத்துண்டுகள், ஆணிகள், ஒட்டுவதற்கு ஸ்டிக்கர், எப்படிச் செய்வது என்று படம் போட்ட ஒரு தாள். சுத்தியலும் பசையும் மேசையில் இருக்கும். ஒரு மாதம் லொறி, ஒரு மாதம் படகு, ஒரு மாதம் குருவிக்கூடு. செய்து முடித்ததைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காசு கிடையாது.

அந்த வகுப்பை வைத்து நான் ஊரில் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அதைப் பற்றி இதுவரை வீட்டாரைத் தவிர யாரிடமும் பேசியதில்லை. பெயரை எடுத்துவிட்டோம் என்ற அந்த வரியை வாசித்த பிறகு எழுதிவிட வேண்டும் போலிருக்கிறது.

2

நாங்கள் இங்கே வந்து இறங்கியது ஒரு டிசம்பரில். என் கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. தர்ஷினிக்கு ஐந்து வயது. மாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக, அசைவில்லாமல் கிடக்கும். பிள்ளையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது? அப்போதுதான் நூலகத்துப் பலகையில் அந்த அறிவித்தலைப் பார்த்தேன். இலவசம் என்ற சொல்லை மூன்று தடவை வாசித்தேன். ஊரில் இலவசமாக ஒன்று கொடுத்தால் யாராவது மேடையேறி ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். கடைசியில் துண்டுச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பார்கள். இங்கே மேடை இல்லை. ஆனால் ஒரு படிவம் இருந்தது.

படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கு அப்பா பெயர் முன்னால் வரும், நம் பெயர் பின்னால் வரும். எழுதும் வரிசையிலேயே நிரப்பி அனுப்பினேன். போய் நின்றால், என் மகளுக்குக் கொடுத்த குட்டி ஏப்ரனில் கொட்டை எழுத்தில் 'ராஜேந்திரன்' என்று இருந்தது. வகுப்பை நடத்திய மார்லீன் என்ற பெண்ணுக்கு அவ்வளவு நீளம் வாயில் நுழையவில்லை. "ராஜ், சுத்தியலை இப்படிப் பிடி, ராஜ்" என்றார். அப்பாவைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து என் மகள் கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெயரை மாற்ற மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்று மாதம் அவள் ராஜாகவே இருந்தாள்.

என் இங்கிலீஷும் அப்போது அந்த மட்டில்தான். பசை போடுவதற்கு முன் துண்டுகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று சும்மா வைத்துப் பார்ப்பதை இவர்கள் 'ட்ரை ஃபிட்' என்பார்கள். எனக்கு 'ட்ரை' மட்டும்தான் காதில் விழுந்தது. மரத்தைக் காயவைக்கச் சொல்கிறார் என்று எண்ணி, ஒவ்வொரு துண்டாக எடுத்து வாயால் ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைத் தாய் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மார்லீன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து தர்ஷினி, "அம்மா! இந்த ஆணிய எங்கம்மா அடிக்கிறது?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். நான் குனிந்து, சிரித்தபடியே, அவள் காதில் இங்கிலீஷில் சொன்னேன்: "இங்க இங்கிலீஷ்ல பேசணும், சரியா?"

அன்றிலிருந்து அது எங்கள் சட்டமாகிவிட்டது. பஸ் ஏறியதிலிருந்து திரும்பி வீட்டுக் கதவைத் திறக்கும்வரை இங்கிலீஷ். அந்த மேசையில் அவள் மரவேலை படித்தாள், நான் பாஷை படித்தேன். இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. மூன்றாவது வருஷம், வீட்டுக்குள்ளும் அவள் தமிழில் பதில் சொல்வதில்லை என்பதைக் கவனித்தேன். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்று போனில் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்தார். யுத்த காலத்தில் மாத்தளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகும்போது நானும் மல்லிகா அக்காவும் தமிழில் சத்தம் போட்டால் தொடையில் கிள்ளுவார். ராணுவச் சோதனைத் தடை வருவதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கவேண்டும். அந்தக் கிள்ளலில் பயம் இருந்தது எங்களுக்குத் தெரியும். அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு பங்கு பேசினோம். நான் என் மகளைக் கிள்ளவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னேன். அதனால்தான் அது அவளுக்குள் அவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்துகொண்டதோ என்னவோ.

3

போன வருஷம் ஆறு வாரம் ஊருக்குப் போவதாக முடிவானது. கணவருக்கு லீவு இல்லை, நானும் மகளும் மட்டும். மகளின் சித்திரங்களும் மரச்சாமான்களும் நிறைந்திருந்த அலுமாரியைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. இதே மாதிரி ஒரு சனிக்கிழமையை ஊர்ப் பிள்ளைகளுக்கும் நடத்தினால் என்ன?

மார்லீனிடம் சொன்னேன். முந்தைய மாதங்களில் மிஞ்சிய பைகளைத் தேடியெடுத்து, மேலதிகாரியிடம் கேட்டு, ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். இருபது பைகள். கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி ஒரு பையைத் தூக்கிப் பார்த்து, "மேக மொகக்த?" என்று கேட்டார். இது என்ன என்று கேட்கிறார். பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்க என்றேன் சிங்களத்தில். அவர் தன் மகளுக்கு ஒன்று கிடைக்குமா என்பது போலச் சிரித்துவிட்டுப் போகவிட்டார்.

இடம், அக்கா புருஷன் சிவலிங்கம் மாமாவின் கடை. மாத்தளை டவுனைத் தாண்டி, அலுவிகாரைப் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டிய சின்ன ஹாட்வெயார் கடை. பின்னால் வீடு. மாமாவுக்கு யோசனை பிடித்துப்போனது. "சுத்தியல் இருவது நான் தாறேன். ஆனா ஒண்ணு, கீறல் விழுந்தா அத நான் யாருக்கு விக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

நான் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு படிவம் தயாரித்தேன். போனிலேயே நிரப்பலாம். பெயர், வயது, தாய் தகப்பன் சம்மதம், படம் எடுக்க அனுமதி. மார்லீனின் கடைப் படிவத்தைப் பார்த்துத்தான் செய்தேன். அவசரத்தில் இங்கிலீஷிலேயே விட்டுவிட்டேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற அந்த இரண்டு கட்டங்களும் அதில் இருந்தன. என்னை அவ்வளவு பாடுபடுத்திய கட்டங்களை என் கையாலேயே போட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

அக்காவுக்கு அனுப்பி, எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன். உடனே போன் அடித்தாள்.

"ஃபோமெல்லாம் எதுக்குடி? வார புள்ளைங்கள ஒக்கார வச்சா போச்சு."

"அப்பிடி இல்லக்கா. ஒரு ஒழுங்கு வேணும். இருவது பைதான் இருக்கு."

"ரெண்டு புள்ளைக்கு ஒண்ணு குடுத்தா நாப்பது புள்ள செய்யுமே."

"ஆளுக்கு ஒண்ணுதான்க்கா முறை. அங்கயும் அப்பிடித்தான்."

"சரி, ஒன்னோட இஷ்டம்" என்றாள் அக்கா.

ஒரே மாலையில் இருபது பெயரும் நிரம்பிவிட்டன. டவுனில் டியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், இரண்டு மூன்று சிங்களப் பிள்ளைகள். நிரம்பிவிட்டது என்று வந்த செய்தியைப் படம் பிடித்து மார்லீனுக்கு அனுப்பினேன். அவர் கை தட்டும் படம் ஒன்று திருப்பி அனுப்பினார்.

4

கடை வாசலில் பெயின்ட் டின்கள் மேல் பலகை போட்டு மாமா மேசை செய்திருந்தார். சுத்தியல்களில் விலை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டது. விகாரைக்குப் போகிற வான்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. அக்கா பின்னால் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சர்பத் கரைத்துக்கொண்டிருந்தாள். தர்ஷினி மேசை மேசையாகப் போய் உதவினாள். பிள்ளைகள் தமிழில் கேட்க, அவள் பாதி விளங்காமல் சிரித்து, கையால் செய்து காட்டினாள். நான் வாசலில் பட்டியலோடு நின்றேன்.

பத்தரை இருக்கும். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் ரோட்டைக் கடந்து வந்தாள். கையில் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை. சனிக்கிழமையிலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள், மடிப்புக் கலையாமல்.

"சாந்தி! எப்ப வந்த? என்னா இப்பிடி வெளுத்துப் போயிட்ட?"

நான் சிரித்தேன். யாரென்று தெரியவில்லை. வந்த நாளிலிருந்து இப்படிப் பலர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பேர் என்னா?" என்று கேட்டேன்.

அவள் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, பிள்ளையின் பெயரைத்தான் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். இன்று நினைத்தால், எடுத்துக்கொண்ட மாதிரிக் காட்டினாள் என்றுதான் தோன்றுகிறது.

"சொல்லு புள்ள, ஆன்ட்டிகிட்ட பேரச் சொல்லு."

"கீர்த்தனா" என்றது பிள்ளை.

பட்டியலைப் பார்த்தேன். "லிஸ்ட்ல இல்லையே."

"லிஸ்ட்டா? மல்லிகாக்கா வரச் சொன்னாங்களே. போன வாரம் பூட்டு வாங்க வந்தப்ப சொன்னாங்க. அதான் இன்னிக்கு வேலைக்குப் போகாம கூட்டிட்டு வந்தேன்."

"பதிஞ்சவங்களுக்கு மட்டுந்தான். ஐ ஆம் சோ சாரி."

இங்கிலீஷ் தானாக வந்தது. அதுவரை ஏழு வருஷத்தில் எத்தனை கவுண்டர்களில் எத்தனை பேர் என்னிடம் அந்தக் குரலில் அதைச் சொல்லியிருக்கிறார்கள்! சொல்லுக்குச் சொல் அதே குரல்.

"அப்பிடி ஓரமா ஒக்காந்து பாக்கட்டுமா, புள்ள? ஒண்ணும் தொட மாட்டா."

"ஃபோட்டோ எடுக்கிறோம். சம்மதம் எழுதிக் குடுக்காத பிள்ளைங்கள உள்ள விட ஏலாது."

அவள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள். "மன்னிச்சுக்குங்க. தெரியாம வந்துட்டோம்."

வரும்போது 'எப்ப வந்த' என்று கேட்டவள், போகும்போது 'மன்னிச்சுக்குங்க' என்றாள். நடுவில் இரண்டு மூன்று நிமிஷம்தான். அதைக் காதால் கேட்டும் நான் கவனிக்கவில்லை. பட்டியலில் யார் யார் இன்னும் வரவில்லை என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. பதினேழு லொறிகளும் படகுகளும் பெட்டிகளும் பிள்ளைகளோடு போயின. பதிந்தவர்களில் மூன்று பேர் வரவேயில்லை. தர்ஷினி மேசையைத் துடைத்துவிட்டு, மிஞ்சிய மூன்று பைகளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அந்தச் சின்னப் பிள்ளையை ஏம்மா அனுப்பின?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் பார்த்திருக்கிறாள். நான் மூன்று பைகளையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

5

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "ஆமா, புஷ்பம் வரலியே. வாரேன்னு சொன்னாளே."

"எந்தப் புஷ்பம்?"

"எந்தப் புஷ்பமா? நம்ம லயத்து நாலாங் காம்பரா புஷ்பம்டி. பள்ளிக்கூடத்துல ஒன்னோட ஒரே வாங்குல இருந்தவ. நீ வாறேன்னதும் அவளுக்கு இருந்த சந்தோசத்தப் பாக்கணுமே."

பச்சைச் சேலை என்றேன். சின்னப் பெண் பிள்ளை, வெள்ளைச் சட்டை என்றேன். வந்தாங்க, நான் திருப்பி அனுப்பிட்டேன் என்றேன்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அவ மேல தோட்டத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா" என்றாள். "ஒரு நாள் வேலைய விட்டுட்டு. நான் வரச் சொன்னேன்டி, என் பேச்சக் கேட்டு வந்தா. கடை என்னோட கடை. என் வாசல்ல வச்சு நீ அவள அனுப்பியிருக்க."

"எனக்கு அடையாளம் தெரியலக்கா."

"அடையாளம் தெரியாட்டி? தெரியாத ஒருத்தி புள்ளையோட வந்து நின்னாலும் ஒக்காருன்னு சொல்ல மாட்டியா? ஒனக்கு ஈர்க்குல வீடு கட்டிக் குடுத்தவடி அவ."

அதை நான் மறந்திருக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் பாடசாலைக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு கைவேலை கொண்டுபோக வேண்டும். எனக்குக் கையில் எதுவும் நிற்காது. முந்தின நாள் வரைக்கும் ஒன்றும் செய்யாமல் அழுதுகொண்டிருந்தேன். புஷ்பம் தான் செய்து வைத்திருந்த ஈர்க்கு வீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கதவு திறந்து மூடும், கூரையில் புகைக்கூடு இருக்கும். "நான் இன்னொண்ணு செஞ்சிக்கிறேன்" என்றாள். அன்று மாலை அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், தம்பியை அவள்தான் பார்த்தாள், செய்ய முடியவில்லை. மறுநாள் வீடு என் பெயர்த் துண்டோடு மேசையில் இருந்தது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். கைவேலை கொண்டுவராதவர்கள் முட்டிக்கால் போட்டார்கள். புஷ்பமும் போட்டாள். முட்டிக்கால் போட்டபடி என்னைப் பார்த்து, பேசாதே என்பது போலத் தலையை ஆட்டினாள். நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் இரண்டு வருஷம்தான் படித்தாள். நான் ஓ/எல், ஏ/எல் பரீட்சைகள் என்று போய், டவுன் முன்பள்ளி ஒன்றில் டீச்சராகி, கல்யாணம் முடித்து, விமானம் ஏறிவிட்டேன்.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு தர்ஷினியோடு புறப்பட்டேன். அக்கா வர மாட்டேன் என்றுவிட்டாள். "நீ தனியாப் போ. அதுதான் சரி" என்றாள்.

டவுனில் பஸ் மாறி, ரத்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, தோட்டத்து ரோட்டில் முக்கால் மணித்தியாலம் நடந்தோம். நானும் அக்காவும் பிறந்த லயம்தான், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். கூரைத் தகரங்கள் மாறியிருந்தன, வாசல்களில் டிஷ் அன்டெனாக்கள். புஷ்பம் பைப்படியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாங்க, வாங்க. பாப்பா, உள்ள வா. இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?"

கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி வைத்தாள். யாரிடமோ வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னாள். எனக்கு உட்கார முடியவில்லை.

"நேத்து ஒன்னைய அடையாளம் தெரியாமப் போச்சு புஷ்பம். ஒரு பை இல்ல, மூணு பை மிஞ்சிருச்சு. நான் பெரிய பிழை பண்ணிட்டேன்."

"அதுக்கென்னங்க. எத்தன வருஷம். நானுந்தான் தேஞ்சு போயிட்டேன்."

"என்னடி 'ங்க' போட்டுப் பேசுற? நான் சாந்திதானே. எப்பவும் போல வா, போன்னு பேசு."

அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. என்னைக் குத்துவதற்காகவும் சிரிக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நேத்து ஒருக்கா போட்டுட்டேன்ல" என்றாள். "இனி எடுக்க வருதில்லங்க."

பையைக் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. "வாங்கிக்க. தேங்ஸ் சொல்லு" என்றாள் புஷ்பம். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றது. இங்கேயே செய்து பார்ப்போம் என்று நான்தான் பையைப் பிரித்தேன். துண்டுகளை நிலத்தில் பரப்பினேன். ஆணியை எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் சுத்தியல் கொண்டுவரவில்லை. சுத்தியல் வரிசையாகத் தொங்கும் கடையிலிருந்து புறப்பட்டு வந்திருக்கிறேன். பசையும் கொண்டுவரவில்லை.

"பரவால்லங்க, அவங்க அப்பா வந்தா பாத்துக்குவாரு" என்றாள் புஷ்பம்.

தர்ஷினி எழுந்து வெளியே போனாள். தண்ணீர் ஓடும் கானோரத்திலிருந்து ஒரு கருங்கல்லைக் கழுவி எடுத்துவந்தாள். கீர்த்தனாவின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதலில் பசையில்லாமல் துண்டுகளைப் பொருத்திக் காட்டினாள். பிறகு ஆணியைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

"ஆணி" என்றது கீர்த்தனா.

"ஆனி."

"ஆனி இல்ல. ஆணி. நாக்க மடிங்க."

"ஆ...ணி."

"ஆ! அதுதான்."

பிறகு பலகை, சில்லு, கல்லு என்று ஒவ்வொன்றாக நடந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு சொல். என் மகளின் தலை அந்தச் சின்னத் தலையோடு முட்டிக்கொண்டிருந்தது. நானும் புஷ்பமும் வாசல்படியில் இருந்து பார்த்தோம். ஏழு வயதுப் பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் கொடுத்ததை நான் ஏழு வருஷம் என் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறேன். லொறியின் பின் சில்லு கோணலாக வந்தது, ஓடும்போது ஒரு பக்கம் இழுத்தது. இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஒங்க மக நல்ல புள்ளைங்க" என்றாள் புஷ்பம். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி பஸ் நாலரைக்கு. இப்ப நடந்தீங்கன்னாதான் புடிக்கலாம்" என்றாள். மற்ற இரண்டு பைகளையும் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி அவளிடமே விட்டுவந்தேன். ரோட்டுத் திருப்பம் வரைக்கும் கூட வந்தாள். ஈர்க்கு வீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தேன். அவள் அந்த வருஷத்துத் தேயிலைக் கொழுந்து பற்றி, அட்டைக்கடி பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அதைப் பேசவில்லை.

7

இவ்வளவுதான் நடந்தது. பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்லலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் பிந்தி ஒரு லொறி கிடைத்தது, அவ்வளவுதானே. என் கணவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் இங்கே நான் யார் யாரிடம் எதைப் பட்டுத் தெரிந்துகொண்டேனோ, அதையே ஊருக்குப் போய் யாருக்குச் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் பெட்டியில் என்ன கொண்டுவருகிறோம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குகிறோம். பெட்டியில் வைக்காமலே கூட வருவதை யாரும் சோதிப்பதில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தர்ஷினியும் கீர்த்தனாவும் புஷ்பத்தின் போன் வழியாக ஒருவருக்கொருவர் குரல் அனுப்பிக்கொள்கிறார்கள். சமையலறையில் நான் நிற்கும்போது மகள் வந்து, ஐஸுக்குத் தமிழ் என்ன, வெறுப்பேத்துறதுன்னா என்ன என்று கேட்பாள். ஐஸுக்கு ஐஸ்தான் என்பேன். நம்பமாட்டாள்.

அந்த மின்னஞ்சல் வந்த இரண்டாம் நாள், சோபாவில் கிடந்தபடி அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கீர்த்தி, கடை என்னைய வேணாம் சொல்லிச்சு. எனக்கு வயசு கூட." பதில் மறுநாள் காலையில் வந்தது. அவள் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டே அதைச் சத்தமாகப் போட்டாள்.

கீர்த்தனாவின் சிரிப்புக் கேட்டது. "அப்ப இங்க வாங்கக்கா. இங்க யாரும் வயசு கேக்க மாட்டாங்க." பிறகு தூரத்தில், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், புஷ்பத்தின் குரல்: "அக்காவோட அம்மா சொகமான்னு கேளு."

நான் கையிலிருந்ததை வைத்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. சாந்தி என்று எங்கேயாவது வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

"யாரக் கேக்கிறாங்கம்மா?" என்றாள் தர்ஷினி, தமிழில்.

"என்னையத்தான்" என்றேன். "சொகம்னு சொல்லு."

அவள் போனை வாயருகில் கொண்டுபோய், எனக்காக அதைச் சொன்னாள். சொகம். முதல் தடவையிலேயே சரியாக வந்தது.